எட்டு மணி நேரத் தவம்

நம் கதைகளில் சாமியார் பாத்திரத்துக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. மற்றப் பாத்திரங்கள் கதைக்குள் வருவதற்கு ஏதாவது ஒரு முகாந்தரம் வேண்டும்; உறவு வேண்டும், கடன் வேண்டும், பகையாவது வேண்டும். சாமியாருக்கு ஒன்றும் வேண்டாம். ஆசிரியருக்கு எங்கே வழி தெரியவில்லையோ அங்கே அவர் வந்து நிற்பார். காணாமற்போன குழந்தை எங்கே இருக்கிறது என்று சொல்வார். டாக்டர் கைவிட்ட நோயாளிக்கு விபூதி கொடுப்பார். வில்லனுடைய மனசில் இருப்பதை முகத்தைப் பார்த்தே வாசித்துவிடுவார். அத்தியாயம் முடிகிறபோது மறைந்தும் போவார். வாரப் பத்திரிகைத் தொடர்கதையிலிருந்து டெலிவிஷன் தொடர் வரையில் இந்தச் சலுகையை யாரும் ரத்து செய்ததாகத் தெரியவில்லை.

இதை மூட நம்பிக்கை என்று கண்டிக்கிறவர்கள் உண்டு. என் புகார் வேறு. சித்திகள் உண்டா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது கதாசிரியனுடைய வேலை இல்லை. கதைக்குள் உண்டு என்று வைத்துக்கொண்டால் உண்டுதான். ஆனால் அப்படி வைத்துக்கொண்ட பிறகு, பக்கத்தில் நிற்கிற மற்றப் பாத்திரங்களுக்குச் செய்வதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்று ஒரு கேள்வி எழுகிறது. நம் நாவலாசிரியர்கள் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போகிற இந்தக் கேள்வியை, மேல்நாட்டில் ஓர் ஆட்டத்துக்கு விதி வகுத்தவர்கள் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறார்கள். தோற்றும் போயிருக்கிறார்கள். அந்தத் தோல்வியில் கதை படிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்டது. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவன் போர்வீரன், ஒருவன் திருடன், ஒருவன் மந்திரவாதி என்று. "நான் இந்தக் கதவை உடைக்கிறேன்" என்று ஒருவர் வாயால் சொல்வார். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை சொல்லும். வேஷம் கட்டாத கூத்து என்று வைத்துக்கொள்ளலாம். கூத்தில் துரியோதனன் விழப்போகிறான் என்பது முதல் இரவிலேயே எல்லோருக்கும் தெரியும். இங்கே யார் விழப்போகிறார்கள் என்பது கதை நடத்துகிறவருக்கே தெரியாது.

இந்த ஆட்டத்தை இப்போது நடத்தி வருகிற விஸர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற கம்பெனியார், மனோசக்தியை வைத்தே வாழ்கிற ஒரு யோகியைப் புதுப் பாத்திரமாகச் சேர்க்க நினைத்தார்கள். மிஸ்டிக் என்று அதற்குப் பெயர். 2015-ல் ஒரு நகல், 2016-ல் இன்னொன்று, 2017-ல் இருபது படிகளும் முழுமையாக அமைந்த மூன்றாவது நகல் என்று வெளியிட்டு, ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடமே விட்டார்கள். தேருக்கு நாம் வெள்ளோட்டம் விடுகிற மாதிரி. சாமியை ஏற்றுவதற்கு முன்னால் அச்சு தாங்குகிறதா, சக்கரம் திரும்புகிறதா என்று பார்த்துவிட வேண்டும் அல்லவா?

விதி இதுதான். யோகிக்கு மனோசக்தி என்பது புள்ளிக் கணக்கு. முதற்படியில் 4 புள்ளி, உச்சிப்படியில் 71. ஒவ்வொரு சித்திக்கும் இத்தனை புள்ளி செலவு. யோகிகளில் ஆறு மார்க்கங்கள் உண்டு: பிறர் மனத்தை அறிகிறவர், உடம்பை வஜ்ரமாக்கிக்கொள்கிறவர், இருந்த இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுகிறவர் என்று இப்படி. புள்ளிகள் தீர்ந்துபோனால்? எட்டு மணி நேரம் ஓய்வு எடுத்துக்கொண்டால் போதும். காலையில் எழுந்திருக்கும்போது அத்தனையும் திரும்பி வந்திருக்கும்.

வெள்ளோட்டத்தில் தேர் நிலைக்கு வரவில்லை. விதிகள் சிக்கலாக இருக்கின்றன என்று ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, மற்றப் பாத்திரங்களின் வேலையை எல்லாம் இந்த ஒரு பாத்திரம் செய்துவிடுகிறது என்பது. கடைசியில் தனிப் பாத்திரம் என்ற யோசனையையே கைவிட்டார்கள். 2020 நவம்பரில் வந்த 'டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' என்ற விதிப் புத்தகத்தில் மனோசக்தியைத் துண்டு போட்டுப் போர்வீரனுக்குக் கொஞ்சம், திருடனுக்குக் கொஞ்சம், மந்திரவாதிக்குக் கொஞ்சம் என்று பங்கிட்டுக் கொடுத்தார்கள். யோகி காணாமற்போனார், அவருடைய சொத்து மட்டும் வாரிசுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, நாமும் ஓர் ஆட்டம் மனசுக்குள் ஆடிப் பார்க்கலாம். களம் நம் ஊராகவே இருக்கட்டும். திருப்பத்தூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் ஜவ்வாது மலை, அதிலே புதூர்நாடு. மலையாளிகள் என்று பெயர் கொண்ட பழங்குடி மக்கள் வாழ்கிற இடம். கேரளத்தாருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலைக்காரர்கள் என்பதால் வந்த பெயர். சரிவெல்லாம் சாமைக் கொல்லை. அப்பால் புளிய மரமும் கடுக்காய் மரமும் சந்தன மரமுமாகக் காடு.

திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு குழந்தையைக் காணவில்லை. இருட்டப் போகிறது, மழையும் வரும் போலிருக்கிறது. தேடப் போகிறவர்கள் நாலு பேர். காட்டுத் தடங்களைக் கால் பழக்கத்தில் அறிந்த ஒரு வாலிபன். பச்சிலையும் பிரசவமும் பார்க்கிற ஒரு கிழவி. கீழேயிருந்து மாற்றலாகி வந்த பள்ளிக்கூட ஆசிரியை. தடம் தெரியாது, ஆனால் அந்தக் குழந்தையின் சுபாவம் தெரியும், எதற்குப் பயப்படும், எதைக் கண்டால் ஓடும் என்று தெரியும். நாலாவதாக நம்முடைய யோகி.

2017-ஆம் வருஷத்து விதிப்படி முதல் ஆட்டம். யோகி கண்ணை மூடுகிறார். சில புள்ளிகள் செலவாகின்றன. குழந்தை இருக்கிற திசை தெரிகிறது. இன்னும் சில புள்ளிகளில் பாறைக்கு அந்தப் பக்கம் தாவிவிடுகிறார். குழந்தைக்குக் காலில் காயம். அதற்கும் புள்ளி இருக்கிறது. கால் மணி நேரத்தில் குழந்தையோடு திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்கிறார். வாலிபனுடைய கால் பழக்கம் என்ன ஆயிற்று? கிழவியின் பச்சிலை என்ன ஆயிற்று? ஆசிரியை குழந்தையைப் பற்றி அறிந்துவைத்திருந்ததெல்லாம் என்ன ஆயிற்று? மூன்று பேரும் மந்தையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதோடு சரி. மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற மூன்று பேர் கொட்டாவி விடுகிறார்கள். தொடர்கதையில் அதே கொட்டாவியை வாசகர் விடுகிறார். அவர் தனியாக உட்கார்ந்து படிப்பதால் அது நம் காதில் விழுவதில்லை.

இரண்டாவது ஆட்டத்துக்குப் புள்ளிகளை எடுத்துவிடுவோம். அதற்குப் பதில் ஒரே ஒரு விரதம். யோகி மௌனம் பூண்டவர். குழந்தை இருக்கிற இடம் அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து சொன்னால் மௌனம் கெடும். கெட்டால் அந்தச் சித்தி போய்விடும், இந்தக் கதை முடிகிற வரைக்கும் திரும்பி வராது. கையால் ஜாடை காட்டுவதும் பேச்சுத்தான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பாருங்கள். வாலிபன் தவிக்கிறான்: "சாமி, வடக்கால போலாமா? தலையையாச்சும் ஆட்டு சாமி!" கிழவி அவனை அதட்டுகிறாள்: "ஏண்டா அவரைப் பிடுங்கறே? சாமி கண்ணு எங்கே போவுதுன்னு பாருடா." ஆசிரியைக்கு இந்த ஆளிடத்திலேயே நம்பிக்கையில்லை, ஓடைச் சத்தம் கேட்கிற பக்கம் குழந்தை போயிருக்காது, அதற்குத் தண்ணீர் என்றால் பயம் என்கிறாள். வாலிபன் சாமியாரின் கண்ணையும் பார்க்கிறான், ஆசிரியையின் சொல்லையும் கேட்கிறான், ஈர மண்ணையும் பார்க்கிறான். மூன்றையும் சேர்த்து ஒரு பாதையைத் தீர்மானிக்கிறான். அது தவறான பாதை. மழை இறங்கிவிட்டது. யோகி ஒருவருக்குத்தான் அது தவறு என்று தெரியும். இப்போது அவர் பேச வேண்டுமா, கூடாதா?

ஒரே விதியை மாற்றியதும் நாலு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. யோகியின் சக்தி ஓர் இம்மியும் குறையவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கு ஒரு விலை வந்தது; அந்த விலையைக் கொடுப்பதா வேண்டாமா என்று அவரே தீர்மானிக்க வேண்டியும் வந்தது. புள்ளிக் கணக்கில் விலை கிடையாது. பர்ஸில் இருக்கிற சில்லறையைச் செலவழிக்கிறோம். தூங்கி எழுந்தால் பர்ஸ் நிறைந்திருக்கிறது. அதைத் தவம் என்று எப்படிச் சொல்வது?

விரதத்தைக் கடுமையாக்கிவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மூன்றாவதாக ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கலாம். யோகி எந்தக் காரணத்தைக் கொண்டும் சித்தியைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி. ஆட்டம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷத்தில் யோகி வேஷத்தை எடுத்துக்கொண்டவர் தூங்கிவிடுவார். இன்னொரு சங்கடமும் உண்டு. இந்த ஆட்டத்தின் பழைய விதிகளில், 1978-ஆம் வருஷப் புத்தகத்தில், பாலடின் என்று தர்மத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு வீரன் வருகிறான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்ய வேண்டும். மந்திரப் பொருள்களில் இத்தனைக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. அறிந்து ஒரு பாவம் செய்தால் பதவியே போய்விடும். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் ஆடுகிறபோது அந்த வீரன் தன் விரதத்தோடு நிற்பதில்லை. கூட வருகிற திருடனுக்கும் காவற்காரனாகிவிடுகிறான். தன் விரதத்துக்கு மற்றவர்களை விலை கொடுக்க வைக்கிற ஆசாமியை நாம் குடும்பங்களிலும் பார்த்திருக்கிறோம். ஆகவே சோதனை இரண்டு கேள்விகளில் அடங்குகிறது. விலையைக் கொடுப்பவர் அவரேதானா? அவர் இருப்பதால் மற்றவர்களின் வேலை கூடுகிறதா, குறைகிறதா?

இந்தச் சோதனையில் நம் பழைய கதைகள் ஆச்சரியமாகத் தேறுகின்றன. விசுவாமித்திரரை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளிக் கணக்குக்கு அவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. தவம் அவருக்குச் சேமிப்பு. கோபமும் ஆசையும் செலவு. திரிசங்குவுக்காகச் சொர்க்கம் கட்டிச் செலவழித்தார். மேனகையிடம் ஒரு தடவை இழந்தார். ரம்பையைச் சபித்து இன்னொரு தடவை இழந்தார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எட்டு மணி நேரத்தில் எதுவும் திரும்பி வரவில்லை. ஆயிரக்கணக்கில் வருஷங்கள் போயின. அதனால்தான் அவர் கோபப்படுகிற ஒவ்வோர் இடத்திலும் நமக்குப் பதைக்கிறது.

பெரிய புராணத்துக் காரைக்கால் அம்மையார் இன்னும் நுட்பமான உதாரணம். அவர் வரவழைத்தது ஒரே ஒரு மாம்பழம். கணவன் அனுப்பிய இரண்டில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டார்; கணவன் இரண்டாவதையும் கேட்டதும் இறைவனை நினைத்தார், பழம் கைக்கு வந்தது. நம் தொடர்கதையாக இருந்தால் அத்தோடு சுபம். சேக்கிழார் அங்கேதான் கதையை ஆரம்பிக்கிறார். ருசி வேறாக இருக்கிறதே என்று கணவன் கேட்கிறான்; உண்மையைச் சொல்கிறார்; அவன் பயந்துபோகிறான். கப்பலேறிப் போய், பாண்டி நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு சந்திக்கிறபோது மனைவியின் காலில் விழுகிறான். ஒரு மாம்பழத்தின் விலை ஒரு குடித்தனம். அந்த விலையை எந்தப் புள்ளிக் கணக்காலும் எழுத முடியாது.

பரமபதத்தைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் வீடுகளில் ஆடிவந்த அந்த ஆட்டத்திலும் ஆத்மாவின் ஏற்ற இறக்கம்தான் விஷயம். ஏணி புண்ணியம், பாம்பு பாவம். மோக்ஷத்துக்குச் சமீபத்தில் வந்தவரையும் கீழே இறக்கிவிடுகிற பாம்பு உண்டு. அந்த அளவில் விலையை அறிந்த ஆட்டம் அது. ஆனால் பாம்பின் வாயில் போய் விழுவதும் விழாததும் தாயக்கட்டையின் தயவு. ஆடுகிறவர் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. பக்திக்கு அது சரியாக இருக்கலாம், கதைக்குப் போதாது.

வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் நடக்கிற அர்ச்சுனன் தபசு வேறு தினுசு. உயரமான கம்பத்தை நட்டு, அதிலே படி கட்டி, அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறுவார். உச்சியை அடைந்ததும் எலுமிச்சம்பழம், பூ, விபூதி என்று கீழே போடுவார். குழந்தை வரம் வேண்டிய பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்: ஏறுகிற அபாயம் ஏறுகிறவருடையது, கம்பத்துக்கு அந்த நேரத்தில் அவர் வேஷக்காரரா அர்ச்சுனனா என்ற பேதம் தெரியாது. கீழே நிற்கிற கூட்டத்துக்கும் வேலை இருக்கிறது. வெறுமே பார்த்துக்கொண்டு நிற்க வந்தவர்கள் இல்லை. கம்பெனியார் மூன்று நகல் எழுதியும் பிடிபடாத விஷயம் அந்தக் கம்பத்தில் இருக்கிறது.

நவீன எழுத்திலும் இதைக் கண்டுகொண்டவர்கள் உண்டு. புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் சர்வ வல்லமை படைத்தவரே சென்னைப் பட்டணத்துக்கு வருகிறார். வந்தவருக்குப் பிழைக்க வழி தெரியவில்லை. நாட்டியம் ஆடிப் பார்க்கிறார், அதுவும் எடுபடவில்லை. கந்தசாமிப் பிள்ளைக்குத்தான் எல்லா வேலையும். ஆர். கே. நாராயண் 1958-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'த கைட்' நாவலில் ராஜு சாமியாரே அல்ல. ஜெயிலிலிருந்து வந்தவன், ஜனங்கள் தாமாகச் சாமியாராக்கிவிட்டார்கள். ஆனால் மழைக்காகப் பட்டினி கிடக்க வேண்டி வருகிறபோது பட்டினி நிஜமாகிறது. சித்தி ஒன்றும் இல்லாதவன், விலையைக் கொடுக்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய மகானாகிவிடுகிறான். சித்தி நிறைந்து, விலை ஒன்றும் கொடுக்காத நம் தொடர்கதைச் சாமியார்களை அவன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

களத்துக்குப் புதூர்நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சமவெளியில் இருந்துகொண்டு எழுதுகிற நம்மவர்களுக்கு மலை என்றாலே ஒரு குகை; குகை என்றாலே ஒரு சித்தர். சதுரகிரியானாலும் கொல்லிமலையானாலும் ஜவ்வாது மலையானாலும் இதுதான் ஏற்பாடு. கதாநாயகன் காரில் மேலே போவான், சித்தரைப் பார்ப்பான், கீழே வருவான். நடுவிலே சாமைக் கொல்லையில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் அவன் கண்ணில் படுவதில்லை. வழி சொல்வதற்கு மாத்திரம் ஒரு மலைவாசி வருவார், பெயர்கூட இருக்காது. ஆட்டத்தில் யோகி மூன்று பேரின் வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்றால், நாவலில் ஒரு மலை முழுவதின் வேலையையும் பிடுங்கிக்கொள்கிறார்.

அந்த வேலை லேசானதல்ல. சாலை போகாத மலைச் சிற்றூர்களில், பிரசவ வலி கண்டவளையும் பாம்பு கடித்தவனையும் டோலி கட்டித் தோளில் சுமந்துகொண்டு சரிவில் இறங்கி வந்திருக்கிறார்கள். நாலு பேர் தோள் மாற்றி, மணிக்கணக்கில். அந்த நாலு பேரின் நடையில் ஒரு நாவலுக்கு வேண்டிய சகலமும் இருக்கிறது. ஆபத்து இருக்கிறது, நேரத்தோடு போட்டி இருக்கிறது, சுமக்கிறவர்களுக்குள் பழைய மனஸ்தாபம்கூட இருக்கலாம். ஆசிரியர் என்ன செய்கிறார்? ஒரு சிட்டிகை விபூதியில் காரியத்தை முடித்துவிடுகிறார். டோலி தூக்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை வேண்டியதில்லை. சாமியாருக்கும் இது மரியாதை ஆகாது.

அதே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. வானத்தைப் பார்க்கிற நிலையம், 1986-லிருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இயங்கி வருகிறது. 1977-ல் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அங்கிருந்து கவனித்தவர்கள், அந்தக் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான சான்றைப் பதிவு செய்தார்கள். கண்ணுக்கெட்டாத விஷயத்தை மலைமேலிருந்து அறிந்துகொண்டவர்கள் என்று பார்த்தால் அவர்களும் ஒரு வகை யோகிகள்தான். ஆனால் அவர்களுக்கு மேகம் என்று ஒரு விதி உண்டு. மேகம் மூடினால் காத்திருக்க வேண்டும். அந்த ராத்திரி போனால் போனதுதான். நம் தொடர்கதைச் சாமியாருடைய ஆகாயத்தில் மேகமே கிடையாது. அவர் பார்த்துச் சொல்கிற எதிலும் நமக்கு ருசி இல்லாமற்போவது அதனால்தான்.

யோகியைக் கதையிலிருந்து துரத்திவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. கம்பெனியார் செய்தது அதைத்தான்: பாத்திரத்தைக் கலைத்து, சக்தியை மாத்திரம் பங்கு போட்டுவிட்டார்கள். வியாபாரத்துக்கு அது சௌகரியமாக இருந்திருக்கலாம். ஆனால் அறிந்தும் சொல்லாமல் நிற்கிற ஒரு மனிதர், சொல்வதா வேண்டாமா என்று தவிக்கிற ஒரு மனிதர், மேஜையிலிருந்து போய்விட்டார். நஷ்டம் பெரிதுதான். விதியைத் திருத்தியிருந்தால் மனிதரைக் காப்பாற்றியிருக்கலாம். ஒன்று மட்டும் அவர்களிடத்தில் மெச்சத்தக்கது. அச்சுக்குப் போகுமுன் ஊரைக் கூட்டி ஆடச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று நகல் எழுதிய பிறகும், சரிவரவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். எழுதிய சாமியாரை விட்டுவிடுகிற மனசு நம் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு இருக்கும்?

நாவலுக்கும் வெள்ளோட்டம் விடலாம். சாமியார் வருகிற அத்தியாயத்தை எழுதி முடித்ததும், அந்த இடத்தில் இருக்கிற மற்றப் பாத்திரங்களின் பெயர்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளட்டும். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, சாமியார் வந்த பிறகு இவர் செய்தது என்ன என்று குறிக்கட்டும். நமஸ்காரம் செய்தார் என்பதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. காகிதம் வெறுமையாக இருந்தால் அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டியதுதான். வாசகர்களும் படிக்கிறபோதே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காசு கொடுத்துப் புஸ்தகம் வாங்குகிறவர்களுக்கு அந்தப் பாத்தியதை உண்டு.